கம்பி நாலும் நிற்கிறது, நெட் மட்டும் வரவில்லை

அப்பளக்கட்டு | செவ்வாய், காலை 9:12

எல்லோருக்கும் வணக்கம். கல்லிடைக்குறிச்சியில் வீட்டோடு அப்பளம் போட்டு விற்கிறோம். வெளியூர் ஆர்டர் எல்லாம் போனில்தான் வரும். ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்து என் போனில் நெட் வரவில்லை. கம்பி நாலும் நிற்கிறது, 4ஜி என்ற எழுத்தும் இருக்கிறது, ஆனால் அதன் ஓரத்தில் குட்டியாக ஓர் ஆச்சரியக்குறி. போன் பேசலாம், பிரச்சினை இல்லை. யூடியூப் திறக்காது. ஜிமெயில் திறக்காது. வாட்ஸ்அப் பெரும்பாலும் சுற்றிக்கொண்டே இருக்கிறது, போட்டோ ஒன்றும் இறங்காது.

இதில் வேடிக்கை, க்யூஆர் அட்டைக்குப் பக்கத்தில் வைத்திருக்கும் பேசுகிற பெட்டி மட்டும் "நூற்று இருபது ரூபாய் வந்தது" என்று கணீரென்று சொல்கிறது. யார் போட்டது என்று போனில் பார்க்கத்தான் வழியில்லை.

போன் வாங்கி இரண்டு வருஷம் ஆகிறது. ஆண்ட்ராய்டு. கீழே விழவில்லை, தண்ணீரிலும் விழவில்லை. நாங்கள் எதையும் தொடவில்லை. யாராவது வழி சொன்னால் புண்ணியமாகப் போகும்.

ஜங்ஷன்காரன் | செவ்வாய், காலை 9:30

அண்ணாச்சி, முதலில் வழக்கமான வைத்தியம். போனை அணைத்துப் போடுங்கள். விமானப் பயன்முறையை ஓர் அரை நிமிஷம் போட்டு எடுங்கள். ரீசார்ஜ் முடிந்துவிட்டதா என்று பாருங்கள். அன்றன்றைக்குரிய டேட்டா தீர்ந்தால் பல பிளானில் வேகம் 64 கேபிபிஎஸ்ஸுக்கு இறங்கிவிடும், அப்போதும் பார்க்கிறவர்களுக்கு நெட்டே இல்லாத மாதிரிதான் இருக்கும். எதற்கும் சரிப்படவில்லை என்றால் சிம்மை மாற்றிப் புதுசு வாங்கிவிடுங்கள், வேலை முடிந்தது.

அப்பளக்கட்டு | செவ்வாய், காலை 10:05

அணைத்துப் போடுவதை நாலு தடவை செய்தாயிற்று. விமானப் பயன்முறையும் ஆயிற்று. ரீசார்ஜ் இன்னும் 41 நாள் இருக்கிறது. சிம்மைக் கழற்றித் துடைத்துப் போட்டேன், இடத்தை மாற்றியும் போட்டேன். நேற்று டவுனுக்குப் போன வேளையில் ஒரு கடையில் காட்டினேன். வாங்கிப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார், பின்பக்கம் காதில் வைத்தும் பார்த்தார் (எதற்கென்று இன்றுவரை தெரியவில்லை). "நெட்வொர்க் ஐசி போயிடுச்சு, 2,800 ஆகும், மூணு நாள் ஆகும்" என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்று வாங்கிவந்துவிட்டேன்.

பணகுடி காற்றாடி | செவ்வாய், காலை 10:22

தேதி சரியாக இருக்கிறதா பாருங்கள். சிரிக்க வேண்டாம். எங்கள் அம்மா போன் ஒரு வாரம் சார்ஜ் இல்லாமல் அலமாரியில் கிடந்தது. எடுத்துப் போட்டால் தேதி 1970 ஜனவரி 1 என்று நின்றது. நெட் கனெக்ட் ஆகிறது, ஒரு பக்கமும் திறக்கவில்லை. ஒவ்வோர் இணையதளத்துக்கும் ஒரு சான்றிதழ் உண்டு, அதில் இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை செல்லும் என்று இருக்கும். போன் 1970இல் உட்கார்ந்துகொண்டு பார்த்தால் அந்தச் சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை, அதனால் உள்ளே விடாது. தேதியைத் தானியங்கியில் போட்டேன், அடுத்த நிமிஷம் எல்லாம் வந்துவிட்டது. அதற்குள் நான் அம்மாவோடு ஒரு மணி நேரம் சண்டை போட்டிருந்தேன்.

அப்பளக்கட்டு | செவ்வாய், காலை 10:31

தேதி, நேரம் எல்லாம் சரி. உங்கள் அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டீர்களா?

மேலப்பாளையம் சர்வீஸ் | செவ்வாய், காலை 11:48

அண்ணாச்சி, அந்த 2,800 ரூபாயை எடுத்து உள்ளே வையுங்கள். 14 வருஷமாகப் போன் பிரித்துக்கொண்டிருக்கிறேன். கம்பி நாலு நின்று, பேச்சும் தெளிவாக இருக்கிற போனில் நெட்வொர்க் ஐசி போயிற்று என்று எடுத்த எடுப்பில் சொல்ல முடியாது. அது போனால் முதலில் கம்பிதான் போகும்.

ஆனால் ஒன்று, பேச முடிகிறது என்பதால் டேட்டா நன்றாக இருக்கிறது என்றும் ஆகாது. இப்போது 4ஜியில் பேசுவதும் டேட்டாவாகத்தான் போகிறது, ஆனால் கம்பெனிக்காரர்கள் அதற்கென்று தனி வழி வைத்திருக்கிறார்கள். ஒரே ரோட்டில் பஸ்ஸுக்கு ஒரு ஓரம், மாட்டு வண்டிக்கு ஒரு ஓரம் மாதிரி. ஒன்று அடைத்தாலும் மற்றது ஓடும்.

பேசுகிற பெட்டிக்கு உள்ளேயே தனியாக ஒரு சிம் உண்டு. அது உங்கள் போனை நம்பி இல்லை. அதை வைத்து ஒன்றும் முடிவு கட்ட வேண்டாம்.

சிம்மை மாற்றச் சொன்ன தம்பிக்கு: அவசரப்படாதே. சிம் மாற்றினால் 24 மணி நேரத்துக்கு அந்த நம்பரில் எஸ்எம்எஸ் ஓடாது, மோசடிக்காரர்கள் போலி சிம் எடுத்து ஓடிபி பார்த்துவிடக் கூடாது என்று வைத்திருக்கிற பூட்டு அது. வியாபாரம் செய்கிறவருக்கு அந்த ஒரு நாளும் நஷ்டம்.

எனக்கு மூன்று விஷயம் மட்டும் தெரிய வேண்டும். வீட்டில் வைஃபை இருந்தால் அதில் போட்டுப் பாருங்கள், அதிலும் இதே கதையா? போனில் இருக்கிற ஆப்களில் ஒன்றாவது, ஒன்றே ஒன்றாவது, ஒழுங்காக ஓடுகிறதா? உங்கள் போனில் ஹாட்ஸ்பாட் போட்டு வீட்டில் வேறு ஒரு போனை அதில் இணையுங்கள், அந்தப் போனில் நெட் வருகிறதா? மூன்றாவதை விட்டுவிடாதீர்கள்.

அம்பை பஸ் | செவ்வாய், மதியம் 1:15

ஆடி அமாவாசைக்குக் காரையாறு போனீர்களா அண்ணாச்சி? சொரிமுத்து ஐயனார் கோயில் கூட்டத்தில் என் போனும் இப்படித்தான், கம்பி நிற்கும், நெட் நகராது. ஒரே டவரை அத்தனை பேர் பிடித்துத் தொங்கினால் அது என்ன செய்யும். மலை இறங்கிப் பாபநாசம் வந்தபிறகும் வரவில்லை. அப்புறம்தான் கண்டுபிடித்தேன், சிக்னல் கிடைக்கட்டும் என்று மேலே வைத்து யாரோ ஒரு புண்ணியவான் என் போனை 2ஜி மட்டும் என்று மாற்றிவிட்டிருந்தான். அந்த யாரோ நான்தான் என்று என் மனைவி சொல்கிறாள்.

2023 டிசம்பர் 17, 18 வெள்ளம் ஞாபகம் இருக்கிறதா? அன்றைக்குக் கம்பியே இல்லை. கரண்ட் போய், டவர் பேட்டரியும் தீர்ந்து, திருநெல்வேலியில் இருக்கிற அண்ணனிடம் இரண்டு நாள் பேச முடியாமல் தவித்தோம். அதற்குப் பிறகு கம்பி நாலு பார்த்தாலே எனக்குப் பாதி நிம்மதி.

மேலப்பாளையம் சர்வீஸ் | செவ்வாய், மதியம் 1:40

2ஜியில் மாட்டியிருந்தால் எழுத்து 4ஜி என்று காட்டாது, பக்கத்தில் இ என்கிற ஆங்கில எழுத்துதான் நிற்கும். அதோடு வைஃபையில் நெட் வரும். அதனால்தான் வைஃபை பற்றி முதலில் கேட்டேன். அண்ணாச்சி பதில் வரட்டும்.

அப்பளக்கட்டு | செவ்வாய், இரவு 8:50

மன்னிக்கவும், பகலெல்லாம் சாரல். காயப்போட்டதை எடுப்பதும் போடுவதுமாகப் போய்விட்டது. ஆடிச் சாரல் மற்றவர்களுக்குக் குளுமை, அப்பளக்காரனுக்குக் கண்டம்.

ஒன்று: எங்கள் வீட்டில் வைஃபை இல்லை. பக்கத்து வீட்டு சாரிடம் கேட்டு அவர்கள் வைஃபையில் போட்டேன். இணைக்கப்பட்டது, இணையம் இல்லை என்கிறது. அதே நேரத்தில் சார் போனில் கிரிக்கெட் ஓடுகிறது.

இரண்டு: எல்லா ஆப்பையும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். டெலிகிராம் மட்டும் ஓடுகிறது! தங்கச்சி மகன் போட்டுக் கொடுத்தது, நான் திறப்பதே இல்லை. அதில் போட்டோகூட வருகிறது.

மூன்று: இதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. ஹாட்ஸ்பாட் போட்டேன். என் மனைவி போனில் அவள் டேட்டாவை அணைத்துவிட்டு இணைத்தேன். அவளுக்கு நெட் ஜம்மென்று வருகிறது. என் டேட்டாவில் அவள் சீரியல் பார்க்கிறாள், எனக்கு ஒரு சொட்டு இல்லை. "பானையில சோறு இருக்கு, பொங்கினவனுக்கு இல்லையாக்கும்" என்று சிரிக்கிறாள்.

ஜங்ஷன்காரன் | செவ்வாய், இரவு 8:58

பேய்தான். ஃபேக்டரி ரீசெட் போடுங்கள் அண்ணாச்சி, எல்லாம் சுத்தமாகிவிடும்.

மேலப்பாளையம் சர்வீஸ் | செவ்வாய், இரவு 9:20

ஏலே தம்பி, நீ வைத்தியம் பார்த்தால் நோய் போகும், ஆளும் போவான். ரீசெட் போட்டால் அவர் போட்டோ, ஆர்டர் எழுதி வைத்த குறிப்பு, பணம் அனுப்பும் ஆப்பின் பதிவு எல்லாம் போகும். வாட்ஸ்அப்பை பேக்கப் எடுக்காமல் இருந்தால் அதுவும் போகும்.

அண்ணாச்சி, நோய் பிடிபட்டுவிட்டது. உங்கள் சிம் நன்றாக இருக்கிறது, டவர் நன்றாக இருக்கிறது, போனின் உறுப்புகளும் நன்றாக இருக்கின்றன. இல்லாவிட்டால் உங்கள் வீட்டம்மா சீரியல் பார்க்க முடியாது. அவர்கள் பார்ப்பது உங்கள் போன் வழியாகத்தானே. கெட்டுப்போயிருப்பது விலாசம் கேட்கிற வேலை.

வண்ணார்பேட்டையில் பஸ்ஸை விட்டு இறங்குகிற வெளியூர்க்காரர் என்ன செய்வார்? டீக்கடையில் போய், "இன்னார் வீடு எங்கே?" என்று கேட்பார். போனும் அப்படித்தான். நீங்கள் யூடியூப் என்று தட்டினால் அதற்கு அந்தப் பெயர் போதாது, எண்ணால் ஆன ஒரு விலாசம் வேண்டும். அதைச் சொல்லுவதற்கு ஒரு சர்வர் இருக்கிறது, அதன் பெயர் டிஎன்எஸ். டீக்கடை பூட்டிக் கிடந்தால் ரோடு எவ்வளவு நன்றாக இருந்தும் வந்தவர் நடுத்தெருவில்தான் நிற்க வேண்டும்.

டெலிகிராம் ஏன் ஓடுகிறது? அந்த ஆப்புக்குள் அதன் சர்வர் எண்கள் முன்கூட்டியே எழுதி வைக்கப்பட்டிருக்கின்றன. வீடு தெரிந்தவன் டீக்கடையில் கேட்க மாட்டான்.

ஹாட்ஸ்பாட்டில் இணைந்த போன் ஏன் ஓடுகிறது? அது கம்பெனிக்காரர்களின் டீக்கடையில் கேட்கிறது. உங்கள் போன் மட்டும் வேறு ஏதோ ஒரு கடையில்தான் கேட்பேன் என்று அடம்பிடிக்கிறது.

இப்போது இதைச் செய்யுங்கள். அமைப்புகளைத் திறங்கள். மேலே தேடுகிற கட்டம் இருக்கும், அதில் டிஎன்எஸ் என்ற மூன்று ஆங்கில எழுத்தை அடியுங்கள். தனிப்பட்ட டிஎன்எஸ் என்று ஒன்று வரும். சில போனில் இணைப்பு, பகிர்தல் என்பதற்குள் ஒளிந்திருக்கும், சிலதில் கூடுதல் இணைப்பு அமைப்புகளுக்குள். அதைத் தொட்டால் மூன்று வரி இருக்கும்: ஆஃப், தானியங்கு, அப்புறம் ஒரு பெயரை எழுதுகிற கட்டம். எந்த வரியில் புள்ளி இருக்கிறது, கட்டத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று சொல்லுங்கள். அதே வேளையில் விபிஎன், அதாவது போனின் நெட்டை வேறொரு சர்வர் வழியாகச் சுற்றிவிடுகிற ஆப், ஏதாவது ஓடுகிறதா என்றும் பார்த்துவிடுங்கள், அதுவும் இதே மாதிரி ஆட்டம் காட்டும்.

சேரன்மாதேவி டீச்சர் | செவ்வாய், இரவு 9:34

கம்ப்யூட்டர் பாடம் எடுக்கிறேன், அதனால் ஒரு வார்த்தை. இந்தத் தனிப்பட்ட டிஎன்எஸ் 2018இல் வந்த ஆண்ட்ராய்டு 9இலிருந்து இருக்கிறது. விலாசம் கேட்பதை நடுவில் யாரும் ஒட்டுக்கேட்க முடியாதபடி பூட்டி அனுப்புகிற வசதி. தானியங்கு என்று இருந்தால், பூட்டி அனுப்ப முடியாத இடத்தில் போன் பழைய முறைக்குத் தானே இறங்கிவிடும். ஆனால் நீங்கள் ஒரு சர்வரின் பெயரை எழுதி வைத்தால், அது கிடைக்காவிட்டாலும் போன் வேறு எங்கும் கேட்காது. அதைக் குறை என்று சொல்ல முடியாது, வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறார்கள். "இவரிடம் மட்டும்தான் சொல்ல வேண்டும்" என்று நீங்கள் சொன்ன பிறகு, அவர் இல்லை என்றதும் ஊருக்கெல்லாம் சொன்னால் நம்பிக்கைத் துரோகம் அல்லவா.

அந்த ஆச்சரியக்குறிக்கும் காரணம் இதுதான். நெட் கிடைத்ததும் போன் ரகசியமாக கூகுளின் ஒரு முகவரியைத் தட்டிப் பார்க்கும். அங்கிருந்து 204 என்ற எண்ணோடு வெறும் பதில் ஒன்று வர வேண்டும். வந்தால் சரி, வராவிட்டால் ஆச்சரியக்குறி. அந்த முகவரியும் பெயர்தானே, விலாசம் தெரியாமல் எங்கே போய்த் தட்டும்.

அப்பளக்கட்டு | செவ்வாய், இரவு 9:52

அண்ணாச்சி!!! வந்துவிட்டது.

மூன்றாவது வரியில் புள்ளி இருந்தது. கட்டத்தில் நீளமாக ஏதோ ஓர் ஆங்கிலப் பெயர், நடுவில் இரண்டு புள்ளி. அதன் அடியிலேயே சிவப்பாக, இணைக்க முடியவில்லை என்று எழுதியிருக்கிறது! மூன்று நாளாக அங்கேயே எழுதிப் போட்டு உட்கார்ந்திருக்கிறது, நான்தான் அந்தப் பக்கம் போகவில்லை. தானியங்கு என்று மாற்றிச் சேமித்தேன். கையை எடுப்பதற்குள் போன் டிங் டிங் டிங் என்று கதற ஆரம்பித்துவிட்டது. வாட்ஸ்அப் மட்டும் 143. கோயம்புத்தூரில் ஒரு கல்யாண ஆர்டர், "பதில் இல்லையே, வேறு இடத்தில் சொல்லிவிடவா" என்று மூன்று தடவை கேட்டிருக்கிறார்கள். இப்போதே கூப்பிட்டுப் பேசினேன், நல்ல வேளை, இன்னும் சொல்லவில்லை. அமர்க்களம்.

விபிஎன் எதுவும் இல்லை.

பணகுடி காற்றாடி | செவ்வாய், இரவு 9:57

இதை யார் எழுதி வைத்தது? எதையும் தொடவில்லை என்று முதல் பதிவில் சொன்னீர்களே.

அப்பளக்கட்டு | செவ்வாய், இரவு 10:20

அதைத்தான் விசாரித்தேன். தங்கச்சி மகன்தான், டெலிகிராம் போட்டுக் கொடுத்த அதே ஆள். பொங்கல் லீவுக்கு வந்தபோது, "மாமா, விளம்பரமே வராத மாதிரி செய்து தரவா" என்று வாங்கிப் பார்த்தான். ஏதோ ஒரு வீடியோவில் பார்த்த பெயராம். உண்மையாகவே அதற்குப் பிறகு விளம்பரம் குறைந்தது, நான் போன்தான் திருந்திவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். ஆறு மாதம் ஓடியிருக்கிறது. இப்போது அந்தச் சர்வரை நடத்தினவர் கடையை மூடிவிட்டார் போல. அதனால் நாங்கள் எதையும் தொடவில்லை என்பது நிஜம்தான், தொட்டவன் பொங்கலுக்கே தொட்டுவிட்டுப் போய்விட்டான்.

இப்போது எனக்கு வேறு பயம். யாரென்றே தெரியாத ஆளிடம் ஆறு மாதம் என் போன் விலாசம் கேட்டிருக்கிறதே. பேங்க் ஆப் எல்லாம் இதில்தான். பாஸ்வேர்டு போயிருக்குமா? காசு போயிருக்குமா?

சேரன்மாதேவி டீச்சர் | செவ்வாய், இரவு 10:41

நியாயமான பயம். ஆனால் பாஸ்வேர்டு அந்த வழியாகப் போகாது. டீக்கடைக்காரருக்கு நீங்கள் யார் வீட்டுக்கு வழி கேட்டீர்கள் என்று தெரியும், வீட்டுக்குள் போய் என்ன பேசினீர்கள் என்று தெரியாது. உங்கள் போன் எந்தெந்த இணையதளத்துக்கு எந்நேரம் போனது என்ற பட்டியல் அவரிடம் இருந்திருக்கலாம். அது கொஞ்சம் சங்கடம்தான், இல்லை என்று சொல்ல மாட்டேன்.

அவர் கெட்ட எண்ணத்தோடு தப்பான வீட்டைக் காட்டியிருக்கலாமே என்றால், அங்கேதான் பணகுடிக்காரர் சொன்ன சான்றிதழ் காப்பாற்றுகிறது. வேறு ஆள் பேங்க் வேஷம் போட்டு நின்றால் அவரிடம் பேங்கின் சான்றிதழ் இருக்காது, ஆப் உள்ளே போக மறுத்துவிடும். ஆறு மாதத்தில் எப்போதாவது பிரவுசரில் "இந்த இணைப்பு பாதுகாப்பானது அல்ல" என்ற எச்சரிக்கையைத் தள்ளிவிட்டு உள்ளே போனீர்களா? இல்லை என்றால் தூங்கலாம். மனம் கேட்கவில்லை என்றால் பேங்க் ஸ்டேட்மெண்ட்டை ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். தெரியாத பற்று எதுவும் இருந்தால் உடனே 1930க்குக் கூப்பிடுங்கள், சைபர் மோசடிக்கான உதவி எண் அது.

விளம்பரம் தடுக்க வேண்டும் என்றால் ஆட்கார்ட் மாதிரி பெயர் தெரிந்த இடத்தை வையுங்கள். ஆனால் வியாபாரப் போனில் தானியங்கு என்று விட்டுவிடுவதையே நான் சொல்வேன்.

மேலப்பாளையம் சர்வீஸ் | செவ்வாய், இரவு 10:50

நானும் அதேதான். மருமகனைத் திட்டாதீர்கள் அண்ணாச்சி, நல்லதுக்குத்தான் செய்திருக்கிறான். ஆனால் அவன் போனிலும் அதே பெயர் இருக்கும், சொல்லி எடுக்கச் சொல்லுங்கள்.

அப்பளக்கட்டு | புதன், காலை 7:05

சொன்னேன். அவன் போனில் ஒரு மாதத்துக்கு முன்பே எடுத்துவிட்டானாம். காலேஜ் ஹாஸ்டல் வைஃபையில் இது ஒத்துக்கொள்ளவில்லையாம். "உங்க போன்ல வச்சதை மறந்தே போச்சு மாமா" என்கிறான். அவன் பங்கு அப்பளக் கட்டு இந்த மாதம் இல்லை என்று அவன் அத்தை தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

ஸ்டேட்மெண்ட் பார்த்துவிட்டேன், எல்லாம் நான் போட்டதும் எனக்கு வந்ததும்தான்.

சேரன்மாதேவி டீச்சர் | புதன், காலை 7:30

ஹாஸ்டல் வைஃபையில் நடந்தது இன்னொரு வகை. அங்கே சர்வர் உயிரோடுதான் இருந்திருக்கும். தனிப்பட்ட டிஎன்எஸ் 853 என்ற வாசல் வழியாகப் போகும், பல காலேஜிலும் ஆபீஸிலும் அந்த வாசலை அடைத்து வைத்திருப்பார்கள். வெளியே டேட்டாவில் ஓடி, உள்ளே வைஃபையில் மட்டும் ஓடவில்லை என்று மாணவர்கள் வந்து நிற்கும்போது நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

பேட்டை பையன் | புதன், காலை 8:12

இழையைக் கடத்துவதற்கு மன்னிக்கவும். எனக்குத் தலைகீழ். வைஃபையில் எல்லாம் ஓடுகிறது, வெளியே வந்தால் மொபைல் டேட்டா மட்டும் வரவில்லை. தனிப்பட்ட டிஎன்எஸ் பார்த்தேன், தானியங்கில்தான் இருக்கிறது. டெலிகிராமும் ஓடவில்லை. போன வாரம் நம்பரை வேறு கம்பெனிக்கு மாற்றினேன், அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?

மேலப்பாளையம் சர்வீஸ் | புதன், காலை 8:25

அதேதான் சம்பந்தம். வைஃபை ஓடுவதால் விலாசம் கேட்பதில் கோளாறு இல்லை. டெலிகிராமும் நிற்பதால் ரோடே இல்லை. மொபைல் நெட்வொர்க் அமைப்புக்குள் ஏபிஎன் என்று இருக்கும், கம்பெனியின் நெட்டுக்குள் நுழைகிற வாசலின் பெயர் அது, அதில் பழைய கம்பெனியின் பெயர் உட்கார்ந்திருக்கும். புதுக் கம்பெனியின் பெயரை ஆங்கிலச் சின்ன எழுத்தில், இடைவெளி விடாமல் எழுது. ஜியோ என்றால் ஜியோநெட், பிஎஸ்என்எல் என்றால் பிஎஸ்என்எல்நெட், ஏர்டெல் என்றால் ஏர்டெல்ஜிபிஆர்எஸ் டாட் காம். அதே பக்கத்தில் மூலைப் புள்ளியைத் தொட்டால் இயல்புநிலைக்கு மீட்டமை என்று வரும், பெரும்பாலும் அதுவே போதும். அப்புறம் ஒரு தடவை அணைத்துப் போடு. இரண்டு சிம் என்றால் டேட்டா எந்தச் சிம்மில் இருக்கிறது என்பதையும் பார்.

பேட்டை பையன் | புதன், காலை 8:41

பழைய பேர்தான் இருந்தது. மீட்டமைத்தேன். வந்துட்டு அண்ணாச்சி.